வார்டன் வீட்டுக் குண்டு

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் எங்கள் ஒழுங்கையின் ஏழாம் இலக்க வீட்டில், 1942ஆம் ஆண்டு ஆயுத பூசையன்று காலை எட்டே காலுக்கு வெடிக்கத் தொடங்கிய பீரங்கிக் குண்டு இன்னும் வெடித்து முடியவில்லை. அதன் துண்டுகள் பதினொன்று. ஒவ்வொன்றும் நாளுக்கு ஒரு நெல்லின் நீளம் நகர்ந்தது. அந்த வருடம் அரிசி கூப்பனுக்குத்தான் கிடைத்தது, மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது, ஏழாம் இலக்க வீட்டின் முன்னறையில் குனிந்து நடக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்காரர் இரத்தினசிங்கம், அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர், சண்டிலிப்பாய் ஆள். யுத்தம் வந்ததும் ஒழுங்கைக்கு அவரே விமானத் தாக்குதல் வார்டனானார். தகரத் தொப்பி, விசில், கைப்பட்டி மூன்றும் கிடைத்தன. தலைக்கனம் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. வெடிபொருட்களைக் கண்டால் தொடக்கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது, பொலிசுக்கு அறிவிக்க வேண்டும் என்ற துண்டுப்பிரசுரத்தைத் தமிழாக்கியவரும் அவரே. அதை வீடு வீடாகக் கொண்டுபோய், வாசிக்கத் தெரிந்தவர்களுக்கும் தானே வாசித்துக் காட்டினார். பக்கத்து ஒன்பதாம் இலக்கத்தில் மக்கீன் குடியிருந்தார், மருதானையில் தையற்கடை. அவர் மனைவி ஹபீலா வீட்டிலிருந்து தொப்பி தைப்பவர். ஊசிகளைப் போட்டு வைக்க யாரோ கொடுத்த ஒரு வெற்றுத் தோட்டாக் கோது வைத்திருந்தார். அதைக் கண்ட வார்டன், ஒழுங்கையே வாசலில் கூடி நிற்க, கால்மணி நேரம் புத்தி சொன்னார்.

“அது வெறுங் கோது, வார்டன் ஐயா. ஊசிதான் இரிக்கி” என்றார் ஹபீலா.

“கோதோ குண்டோ, அதைத் தீர்மானிக்கிறது நீங்கள் இல்லை” என்று சொல்லி, ஊசிகளை அவர் மடியிலேயே கொட்டிவிட்டுக் கோதை எடுத்துப் போனார். ஹபீலா ஊசிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். அதைச் சொல்ல இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

உயிர்த்த ஞாயிறன்று ஜப்பான் விமானங்கள் வந்து போன பிறகு, பாதி ஒழுங்கை யாழ்ப்பாண றெயிலில் ஏறிவிட்டது. இரத்தினசிங்கம் போகவில்லை. கடற்கரையில் பீரங்கி வைத்திருந்த பட்டாளம் இடம் மாறிப் போனதன் மறுநாள், தண்டவாள ஓரத்து மணலில் ஒரு முழ நீளப் பித்தளைக் குண்டைக் கண்டார். கூர் நுனியோடு முழுசாகக் கிடந்தது. தன் பிரசுரத்தின் ஒவ்வொரு வரியும் அவருக்கு மனப்பாடம். ஆனாலும் அதைக் குடைத்துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஏன் என்று பின்னாளில் பொலிசார் கேட்டபோது, அழகாக இருந்தது என்றார். வேறு காரணம் அவருக்கும் கிடைக்கவில்லை.

“இது வெறுங் கோது” என்று மனைவி நேசத்திடம் சொன்னார்.

“கோதெண்டால் ஏன் இவ்வளவு பாரம்?” என்று நேசம் கேட்டார்.  அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் குத்துவிளக்கோடும் செம்போடும் அதையும் புளி போட்டு மினுக்கி வைத்தார். இருவருக்கும் உள்ளூரத் தெரியும், இருவரும் கதைக்கவில்லை.

ஆயுத பூசை வந்தது. மேசையில் பாக்குவெட்டி, கத்தரிக்கோல், நேசத்தின் அரிவாள், கந்தோர்ப் பேனை எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு இருந்தன. வீட்டிலிருந்த உண்மையான ஆயுதம் அந்தக் குண்டு ஒன்றுதானே என்று இரத்தினசிங்கத்துக்குத் தோன்றியது. நிறைகுடத்தில் தேங்காய் வைக்கிற இடத்தில், கூர் நுனி அரிசிக்குள் புதையும்படி குண்டைத் தலைகீழாக நட்டார். மேலே நின்ற அடிப்பாகம் சின்னத் தட்டுப் போல வாகாக இருந்தது. அதிலேயே கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். கற்பூரம் எரிந்து முடியும்முன் குண்டு மெல்ல விரிந்தது. செவ்வரத்தம்பூ அளவு நெருப்பு ஒன்று அந்தரத்தில் நின்றது. சத்தம் வண்டு இரைவது போல மட்டுமே கேட்டது. கும்பிட்ட கையோடு இருவரும் பின்னால் நகர்ந்தார்கள். அதற்கு வேண்டிய நேரம் தாராளமாக இருந்தது.

துண்டுகளை நிறுத்த முடியவில்லை. தலையணையும் பலகையும் வைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு அதே வேகத்தில் போயின. பிறகு பழகிவிட்டது. நேசம் ஒவ்வொன்றிலும் சிவப்பு நூல் கட்டினார், மாரி நாட்களில் நெருப்புக்குக் கீழே துணி காயவிட்டார். வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று யன்னல்களுக்கு ஏற்கெனவே கறுப்புத்தாள் ஒட்டியிருந்தது. அதைச் சரிபார்க்க வரவேண்டிய வார்டனும் வீட்டுக்குள்ளேதான் இருந்தார். யாரையும் உள்ளே கூப்பிடுவதில்லை. நேசத்துக்குச் சுகமில்லை என்று ஒன்றரை வருடம் சொல்லிச் சமாளித்தார்கள்.

1944 மாசியில் ஒரு துண்டு பக்கத்துச் சுவரைத் தொட்டது. இரு வீட்டுக்கும் பொதுவான ஒன்பது அங்குலச் சுவர் அது. மறுபக்கத்தில்தான் ஹபீலா இருந்து தைப்பவர். சுவரைக் கடக்க முப்பத்தாறு நாள் செல்லும் என்று இரத்தினசிங்கம் கணக்குப் பார்த்தார்.

“இஞ்சாருங்கோ, இண்டைக்காவது போய்ச் சொல்லுங்கோவன்” என்று நேசம் ஒவ்வொரு காலையும் சொன்னார்.

“என்னெண்டு சொல்லுறது? அந்தக் கோதைப் பறிச்ச நான் எந்த முகத்தோட போய்ச் சொல்லுறது?” என்றார் அவர். மெல்லத்தானே வருகிறது, நுனி தெரிந்த பிறகு சொன்னாலும் பரவாயில்லை என்றும் சொன்னார். முகத்தைக் காப்பாற்ற நினைத்தவர் பக்கத்து வீட்டாரின் உயிரை அந்த முப்பத்தாறு நாளும் மறந்திருந்தார். இரண்டு தடவை ஒன்பதாம் இலக்கப் படலை வரை போய், சீனி கடன் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினார்.

குண்டின் குணம் அவருக்கு அப்போது தெரியாது. தெரிந்தவர்கள் முன்னால் மட்டுமே அது மெல்ல நடந்தது. சங்கதி அறியாதவர்களின் வீட்டுக்குள் நுழைந்த கணமே துண்டு தன் சொந்த வேகத்தைப் பெற்றது. பங்குனியில் ஒரு வியாழக்கிழமை, பத்து மணி வெயிலில், ஹபீலாவின் வலக்கைப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் கொண்டுபோய் எதிர்ச் சுவரில் பதிந்தது.

கடலில் நடந்த சுடுபயிற்சியில் தவறி வந்ததாக இருக்கலாம் என்று பொலிசார் நினைத்தார்கள். அறிக்கை எழுத வார்டனைக் கூப்பிட்டார்கள். எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை என்று தன் நல்ல எழுத்தில் எழுதிக் கையெழுத்தும் வைத்தார். இதை எழுதும்போது எனக்கே காது சுடுகிறது.

ஐந்தாம் நாள் பின்னேரம் நேசம் அவரை இழுக்காத குறையாக ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கையில் கட்டோடு படுத்திருந்த ஹபீலா எழும்பி இருக்கப் பார்த்தார்.

“வார்டன் ஐயா, அண்டைக்கி அந்தக் கோதை நீங்க கொண்டு போனது எவ்வளவு நல்லம். அது வீட்டில இரிந்திருந்தா, என்ட பிழையாலதான் இப்பிடி வந்த எண்டு நெனச்சிரிப்பேன்” என்றார்.

இரத்தினசிங்கம் கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்: மணல், குடைத்துணி, கற்பூரம், முப்பத்தாறு நாள், சீனி, அறிக்கை. மக்கீன் வெளியே எழுந்து போய்விட்டார். 

“மத்தத் துண்டெல்லாம் எந்தப் பக்கம் போவுது?” என்று ஹபீலா கேட்டார்.

அவர் சொன்னார்.

“அப்ப இங்க என்ன செய்றீங்க? அந்த வீட்டாக்களுக்குப் போய்ச் சொல்லுங்க.”

அவர் முதலில் பொலிசுக்குப் போனார். தொப்பியும் விசிலும் பறிபோயின, அபராதம் கட்டினார். பிறகு துண்டுகள் போகும் வழியிலிருந்த வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொன்னார். குண்டு நிபுணர்கள் இருவர் வந்து பார்த்து, இது தங்கள் புத்தகத்தில் இல்லை என்று திரும்பினார்கள். முன் யன்னலால் வெளியேறிய துண்டு ஒழுங்கையைக் கடக்க இரண்டு வருடம் எடுத்தது. அதற்காகவே வேலையை விட்டு, அரைப் பென்சனோடு, மூன்று மொழியில் எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு வெயிலிலும் மழையிலும் நின்றார். தபாற்காரர், பேலியகொடையிலிருந்து வரும் மீன்காரர், வழி தவறி வந்தவர் எல்லோரிடமும் முதலில் ஒரே வசனத்தைச் சொல்வார்: “இது என்ர வீட்டுக் குண்டு. தெரிஞ்சுகொண்டுதான் கொண்டுவந்து வைச்சனான்.” ஒருவரும் காயப்படவில்லை. மீன்காரர் மறுகரையால் போகப் பழகினார். இரத்தினசிங்கத்துக்கு மட்டும் அந்த வசனம் பழகவில்லை. 

1947இல் துண்டு எதிரேயிருந்த பத்தாம் இலக்க வீட்டை நெருங்கியது. அங்கே புதிதாகக் குடிவந்த டோரின் மிஸ் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவர். இரத்தினசிங்கம் அவரிடம் போய்த் தன் வசனத்தைச் சொன்னார்.

“ஓம், தெரியும். வீடு பார்க்க வரேக்குள்ளயே புறோக்கர் சொன்னவர். எப்ப உள்ளுக்கு வரும்?” என்று கேட்டார்.

“ஆவணி மூண்டாந் திகதி, மிஸ்.”

“அப்ப அலுமாரியைத் தள்ளி வைக்கிறன். இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்.”

இரத்தினசிங்கம் இருக்கவில்லை. ஏசினாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். வெளியே வந்தபோது ஒன்பதாம் இலக்கப் படலையில் ஹபீலா நின்றார். ஆசுப்பத்திரியில் பேசிய பிறகு, மூன்று வருடமாக அவர் இவரோடு ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

“பத்தாம் நம்பருக்கும் சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டன்.”

“அப்ப எல்லாருக்கும் முன்னாலயே சொல்லியாச்சி.”

“ஓம்” என்றார். சொன்ன பிறகுதான் அந்தப் பேச்சு எங்கே வந்து நிற்கிறதென்று விளங்கியது. ஒழுங்கை முழுவதிலும் முன்கூட்டிச் சொல்லப்படாதவர் ஹபீலா ஒருவர்தான்.  ஹபீலா இடக்கையால் படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.

ஆவணி மூன்றாந் திகதி காலை துண்டு பத்தாம் இலக்கத்துக்குள் நுழைந்தது. டோரின் மிஸ் அதில் சிவப்பு நூல் கட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்.