ஒரு வரிக்கு ஐந்து கட்டம்

பூட்டுக்கடைக்காரருக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் ‘ரெட்டைப்பூட்டு’. கடையைச் சாத்தினால் ஒன்றுக்கு இரண்டு பூட்டு போடுவார், மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார், பத்தடி நடப்பார், திரும்பி வந்து நான்காவது தரம் இழுப்பார். வீட்டில் சர்க்கரை டப்பாவுக்குக்கூட ஒரு சின்னப் பூட்டு உண்டு. எறும்புக்காக என்பார். நம்பியவர் யாருமில்லை.

அப்பேர்ப்பட்டவரின் தூக்கத்தைக் கெடுத்தது அவர் மனைவியின் கைபேசி. தினமும் காலை எட்டு மணிக்குக் கடை திறந்ததும் அவள் அதில் எதையோ அனுப்புவாள். ஐந்து நிமிடத்தில் பதில் வரும். அதைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. ஒருநாள் அவள் தண்ணீர் பிடிக்கப் போன சமயம் அவர் எட்டிப் பார்த்தார். எழுத்தே இல்லை. வரிவரியாகச் சாம்பல், மஞ்சள், பச்சை என்று கட்டங்கள்தான். அனுப்பியவருக்குப் பெயரும் இல்லை, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி.

வேறு எவனாவது என்றால் தோளைக் குலுக்கிவிட்டுப் போயிருப்பான். இவர் கட்டங்களை எண்ணினார். வரிக்கு ஐந்து. அங்கேதான் மனிதருக்கு வியர்த்தது.

ஒரு வீட்டுச் சாவிக்கு ஐந்து வெட்டு. ஒவ்வொரு வெட்டின் ஆழத்துக்கும் ஒன்று முதல் ஒன்பது வரை ஓர் எண். அவர் சாவி வெட்டிக்கொண்டே ஐந்து எண்களையும் சொல்ல, மனைவி பதிவேட்டில் எழுதுவாள். அந்த ஐந்து எண் கிடைத்தால் போதும், யார் வீட்டுக்கும் புதுச் சாவி வெட்டிவிடலாம். ஆக, ஊரார் வீட்டுச் சாவியெல்லாம் வண்ணம் வண்ணமாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது!

எண்கள் ஒன்பது, வண்ணம் மூன்றுதானே என்று அறிவு கேட்டது. அதுதான் தந்திரம் என்று சந்தேகம் பதில் சொன்னது. அன்றைக்கு வெட்டியது நான்கு சாவி. மறுநாள் அவள் அனுப்பியது சொல்லிவைத்தாற்போல நான்கு வரி. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

அவர் பயத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. ஆறு வருடத்துக்கு முன் மனைவியின் தம்பி இதே கடையில் கூடமாட வேலை செய்தான். அப்போது டாக்டரம்மா வீட்டில் பூட்டை உடைக்காமலே திருட்டு நடந்தது. அந்த வீட்டுக்குச் சாவி வெட்டியவன் தம்பி. ரெட்டைப்பூட்டு விசாரிக்கவில்லை, அவனைக் கையைப் பிடித்துத் தெருவில் விட்டார். “இனி இவன்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது, எழுதக் கூடாது” என்று மனைவியிடம் சத்தியமும் வாங்கினார். இரண்டு வருடத்துக்கு முன் டாக்டரம்மா கடைக்கு வந்து, எடுத்தது தன் டிரைவர்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அதை அவர் வீட்டில் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார், அந்த ‘நாளைக்கு’ வரவேயில்லை.

பூட்டின் சொந்தக்காரர் பக்கத்தில் நிற்காமல் எந்தப் பூட்டையும் தொடுவதில்லை என்பது அவர் தொழிலில் வைத்திருந்த ஒரே நியமம். முப்பது வருடமாகக் காத்ததை, அந்த நான்கு வரியைப் பார்த்த மறுநாள் காலை விட்டார். மனைவி குளிக்கப் போயிருந்தாள். அவள் மேசை டிராயரில் கம்பியை விட்டு ஒரு திருகு, திறந்துகொண்டது.

உள்ளே ஒரு நோட்டு. பக்கம் பக்கமாக ஆங்கிலம். ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்தார். ஹவுஸ். கிளாஸ். செயின். வாட்ச். நைட்.

வீடு, கண்ணாடி, சங்கிலி, கடிகாரம், ராத்திரி. “அடிப்பாவி!” என்றார் வாய்விட்டு.

“என்னங்க அது?”

மனைவி ஈரத்தலையோடு வாசற்படியில் நின்றாள். அவர் கையிலிருந்த கம்பியைப் பார்த்தாள். டிராயரைப் பார்த்தாள்.

“யாரு அந்தப் புள்ளி? யார் வீட்டுக்குத் திட்டம் போடுறீங்க?” என்று கத்தினார்.

அவள் நோட்டை வாங்கி அவர் முன்னால் விரித்தாள். “நல்லாப் பாருங்க. பிரெட், டேபிள், வாட்டர்னும் எழுதியிருக்கேன். ரொட்டியைத் திருடவா திட்டம் போடுவாங்க?”

கைபேசியைத் திறந்து ஒரு விளையாட்டைக் காட்டினாள். தினம் ஓர் ஆங்கில வார்த்தை, அதில் ஐந்தே எழுத்து. ஒரு தரத்துக்கு ஒரு வரியாக, ஆறு தரத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்து சரியான இடத்தில் விழுந்தால் பச்சை, வார்த்தையில் இருந்தும் இடம் மாறியிருந்தால் மஞ்சள், இல்லவே இல்லையென்றால் சாம்பல். முடித்ததும் விடையைச் சொல்லாமல் கட்டங்களை மட்டும் அனுப்பலாம். நடுவில் எந்த எழுத்து வரும், கடைசியில் எது வரும் என்று தேடத்தான் இந்த நோட்டு. பத்தாவதோடு படிப்பை விட்டவள் ஐந்தெழுத்து வார்த்தைகளாக நாற்பது பக்கம் நிரப்பியிருந்தாள்.

“சரி, யாருக்கு அனுப்புற?”

“என் தம்பிக்கு.”

“சத்தியம் பண்ணியே!”

“பண்ணினேன். ஒரு வார்த்தை பேசல, ஒரு வார்த்தை எழுதல. கட்டம்தான் அனுப்புறேன். காலையில கட்டம் வந்தா அவன் உயிரோட இருக்கான்னு அர்த்தம். மூணே வரியில முடிச்சிருந்தா நல்லாத் தூங்கியிருக்கான். மூணு நாளா ஆறு வரி ஆகுது. அவனுக்கு என்னவோ சரியில்ல. என்னன்னு கேட்க எனக்கு வழியில்ல.”

ரெட்டைப்பூட்டு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். சொல்லிவிடலாம் என்று தோன்றியது. “அந்த டாக்டரம்மா வீட்டு விஷயத்துல...” என்று ஆரம்பித்தார்.

“டிரைவர்தான் எடுத்தான்னு தெரியும்,” என்றாள் அவள், தலையைத் துவட்டிக்கொண்டே. “உங்ககிட்ட சொன்ன மறுநாளே அந்தம்மா என்கிட்டயும் சொல்லிட்டாங்க. நீங்களா சொல்வீங்கன்னு ரெண்டு வருஷமாப் பார்த்துக்கிட்டிருக்கேன்.”

அவமானத்தில் அவருக்குக் காது சுட்டது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் திட்டவில்லை.

“போன் போடு அவனுக்கு,” என்றார், தரையைப் பார்த்தபடி.

“நான் சத்தியம் பண்ணியிருக்கேன். நீங்க போடுங்க.”

கைபேசியை அவர் மடியில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அவர் அந்தப் புள்ளியை அழுத்தினார். இரண்டாவது மணியிலேயே எடுத்தான். எடுத்தவன் மூச்சு விடாமல் பேசினான்.

“அக்கா! என்னக்கா, நீ கூப்பிடுற? மாமாவுக்கு ஏதாவது ஆயிடுச்சா? பயப்படாதக்கா, நான் இப்பவே கிளம்பி வரேன். மாமாவைப் பார்த்துக்க, நான் வந்துடுறேன்.”

‘நான்தான்டா’ என்று சொல்ல ரெட்டைப்பூட்டு வாயைத் திறந்தார். மறுமுனையில் அவன் “அக்கா, அக்கா” என்று கூப்பிட்டுக்கொண்டே செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது.