மேல்பாதியில் கறுப்புத் தோல்

"எதிர்ல வர்ற வண்டியெல்லாம் உனக்கு லைட்டு அடிச்சுக் காட்டுதேப்பா, எல்லாரும் உன் தோஸ்தா?" என்று நந்தினி ஒருமுறை கேட்டாள். அவள் அப்பா பச்சையப்பன் பெருமையோடு ஆமாம் என்றான்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை முடிந்த பெண்களை ஒடுகத்தூர் வரை வேனில் கொண்டுபோய் விடுவது அவன் பிழைப்பு. வேனின் முன்விளக்குகளில் இருந்த மஞ்சள் பல்புகளைக் கழற்றிவிட்டு, அதே பழைய கூட்டுக்குள் வெள்ளை எல்.இ.டி. பல்புகளைப் போட்டிருந்தான். வெளிச்சம் சாலையில் படியாமல் மேலே சிதறியது. புளியமர உச்சியில் கொக்கு தூங்குவது தெரிந்தது. முன்னால் இருந்த பள்ளம் தெரியவில்லை.

ஒரு திங்கட்கிழமை இரண்டு விளக்குகளின் மேல்பாதியிலும் கறுப்புத் தோல் ஒட்டியிருந்தது. பிய்த்தெறிந்தான். மறுநாளும் ஒட்டியிருந்தது. இந்த ட்ரிப்பை யார் பறிக்கப் பார்க்கிறார்கள்? அதே கம்பெனிக்கு ஓட்டும் இன்னொரு வேன்காரன் தன்சீலைத் தவிர வேறு யார்?

"இன்னா பாய், என் வண்டியக் குருடாக்கிட்டா பொம்பளைங்க உன் வண்டியில ஏறிடுவாங்களா?"

"உன் லைட்டப் பாத்து என் கண்ணே அவிஞ்சு போச்சு. அதைப் போய்த் தொடுவேனா?" தன்சீல் சிரித்தான்.

அந்தச் சிரிப்பே போதும் என்று பச்சையப்பன் கம்பெனியில் புகார் சொன்னான். தன்சீலின் வேனை ஒரு வாரத்துக்குக் கேட்டுக்குள் விடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஆனால் அந்த வாரத்திலும் தோல் ஒட்டியிருந்தது.

அடுத்த நாள் டீ நேரத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தான். தோல் வெட்டும் பிரிவில் வேலை செய்யும் மஹ்பூபி, பசை டப்பாவோடு வேனின் முன்னால் குந்தினாள். தினமும் அவன் வேனில் வருகிறவள்.

"நீயா?"

டப்பா கைநழுவியது. "லைட்டு ஜாஸ்தியா இருக்குதுன்னு அன்னிக்கே சொன்னேன்ணா. கம்மியா வெச்சா நீ அதுக்கும் குறை சொல்லுவேன்னு சிரிச்சீங்க. எங்க வூட்டுக்காரர் நைட் ஷிஃப்டுக்கு எதிர்லதான் பைக்ல வர்றாரு. உங்க லைட்டு கண்ணுல அடிச்சு ரோட்டோரப் பள்ளத்துல எறங்கிட்டாரு. லாரிக்கெல்லாம் மேல்பாதி கருப்பு அடிப்பாங்களே, அதான்..."

"எங்கிட்ட சண்ட போட்டிருக்கலாமேம்மா."

"சண்ட போட்டா நாளைக்கு வண்டியில எப்படிண்ணா ஏறுறது?"

எதிரே வந்தவர்கள் இத்தனை நாளும் விளக்கை அணைத்து அணைத்துக் காட்டியது நட்பினால் அல்ல, கெஞ்சித்தான் என்று பச்சையப்பனுக்கு அப்போதுதான் விளங்கியது. அன்றே மஞ்சள் பல்புகளைத் திரும்பப் போட்டான். கம்பெனியில் தன் தப்பைச் சொன்னான். தன்சீல் மறுநாளே வேலைக்கு வந்துவிட்டான். ஆனால் வேலையில்லாமல் கழிந்த நாட்களைத் திருப்பித் தர யாராலும் முடியாது.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குத் தன்சீலும் மற்றவர்களும் போயிருந்தார்கள். வேன்கள் நிறுத்தும் ஷெட்டில் ஆளில்லை; தன்சீலின் வேன் நின்றது. அதன் இடது விளக்கு எரியாமல் கிடப்பதை முந்தின மாலைதான் பச்சையப்பன் கவனித்திருந்தான். பானட்டைத் திறந்து விளக்கின் பின்னாலிருந்த ரப்பர் மூடியை உருவினான். வாங்கி வந்த புது மஞ்சள் பல்பின் கண்ணாடியில் விரல் படாமல் துணியால் பிடித்துப் பொருத்தி, கம்பியை மாட்டினான். பள்ளிவாசல் பக்கம் ஒருமுறை கும்பிட்டுவிட்டு, பானட்டைச் சத்தமில்லாமல் மூடினான்.