நாலு சக்கரமும் சரி

வண்டியைச் சந்தின் கோடியில் கொண்டுபோய் விடச் சொல்லித்தான் அவனை வெளியே அனுப்பினார்கள். நாலு மணிக்கு அம்மாவைக் கொண்டுபோக வேன் வரும். அது வாசல்வரை வர வேண்டுமானால் இந்தச் சிவப்புக் கார் நகர்ந்தாக வேண்டும். அவனோ சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, முன்பக்கத்து இடது சக்கரத்தருகே முழங்கால் போட்டு, காற்றுப் பார்க்கும் கேஜை வால்வில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

முப்பத்திரண்டு.

இருக்க வேண்டிய காற்று சரியாக இருந்தது. அவன் முகம் சுண்டிப்போனது. பஞ்சராக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு கேஜைப் பிடித்தவன் உலகத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

எழுந்து முன்பக்கத்து வலது சக்கரத்துக்குப் போனான். திறந்திருந்த ஜன்னல் வழியே கூடத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அவள் அதையே முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டு பத்துக்கு வீட்டை விட்டுக் கிளம்பியிருக்காங்க. எதிர்வீட்டுக்காரம்மா பாத்திருக்காங்க. இருபது நிமிஷ வழி. ஆஸ்பத்திரி வாசல்ல சீட்டு போட்டப்போ பன்னெண்டு நாப்பத்தொண்ணு. நடுவுல பதினோரு நிமிஷம் எங்க போச்சு? நான் கேக்கக் கூடாதா?"

"கேக்காதே" என்று சொல்லும் தைரியம் யாருக்கும் இருக்கவில்லை.

நேற்று மதியம் அம்மாவுக்கு நெஞ்சு வலித்தபோது வீட்டில் அவன் மனைவி மட்டுமே இருந்தாள். ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். அவன் பதினெட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிப்டின் தலைமேல் உட்கார்ந்து கம்பிவடம் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே போனில் சிக்னல் ஒரு கோடுகூட நிற்காது. அவள் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து இந்த ரெண்டு சீட் காரில் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள். பாதி வழியில் நிறுத்தியும் இருக்கிறாள்.

ஏன் நிறுத்தினாய் என்று கேட்டதற்கு அவள் ஒரே ஒரு தடவைதான் பதில் சொன்னாள். "டயர் லைட் எரிஞ்சுது அண்ணி. காத்துக் குறைஞ்சா எரியறது."

"லைட்டாம் லைட்டு. உயிர் போயிட்டிருக்கு, இவளுக்கு லைட்டு!" என்றாள் அக்கா. அதற்குப் பிறகு மனைவி வாய் திறக்கவேயில்லை. காலையிலிருந்து சமையலறை நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருக்கிறாள். அம்மாவின் தலைமாட்டில் ஒரு நாற்காலி கிடந்தது. அதன்மேல் அக்கா தன் கைப்பையை வைத்திருந்தாள். மருமகளை உட்காரவைக்க ரெண்டு முறை யாரோ அந்தப் பையை எடுக்கப் பார்த்தார்கள். "இருக்கட்டும்" என்றுவிட்டாள் அக்கா.

வலது சக்கரமும் முப்பத்திரண்டு.

பின்சக்கரங்கள் அகலமானவை. அவற்றுக்கு முப்பத்திநாலு வேண்டும். இடது பின்சக்கரத்தைக் கையால் சுற்றித் தடவினான். ஒரு ஆணி, ஒரு கண்ணாடிச் சில்லு, எதுவானாலும் சரி. விரலில் புழுதிதான் ஒட்டியது. முப்பத்திநாலு. கடைசிச் சக்கரத்தின் முன்னால் கொஞ்ச நேரம் கேஜை வைக்காமலே உட்கார்ந்திருந்தான். பரீட்சை முடிவு ஒட்டிய பலகையின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்பவனைப்போல.

முப்பத்திநாலு.

"டேய், வண்டியை எடுன்னு அனுப்பினா அதுக்கு வைத்தியம் பாத்துட்டு உக்காந்திருக்கியா?" வாசலில் அக்கா நின்றாள். அழுதழுது கண் வீங்கியிருந்தது, ஆனால் குரலில் ஈரமில்லை. "இந்தப் பாழாப்போன காரை வாங்காதேன்னு அம்மா எத்தனை தடவை தலைபாடா அடிச்சுக்கிட்டா?"

அம்மா தலைபாடாக எல்லாம் அடித்துக்கொள்ளவில்லை. கேலிதான் செய்தாள். டெலிபோன் நிலையத்தில் முப்பது வருஷம் ஊரார் பேச்சைக் கேட்டு ஓய்வு பெற்றவள். வாய் துடுக்குக்குப் பஞ்சமில்லை. "ஏறும்போது குனியணும், இறங்கும்போது கும்பிடணும். இது காரா, கோயிலா?" என்பாள். ஆனால் வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆனால் அவளே முதல் ஆளாகப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

"ரெண்டு நிமிஷம், எடுத்துடறேன்" என்றான். அக்கா உள்ளே போனாள்.

இனிப் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எங்கே என்று காலையிலிருந்தே அவனுக்குத் தெரியும்.

டிக்கியைத் திறந்தான். விரிப்பைத் தூக்கினான். மாற்றுச் சக்கரம் இருக்க வேண்டிய பள்ளத்தில், பழைய துண்டில் சுற்றி, ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைக் குழாய் கிடந்தது. வீட்டுக்குத் தண்ணீர் வருகிற குழாய்தான், கொஞ்சம் தடிமனானது. ரெண்டு பக்கமும் மூடி ஒட்டி, ஒரு மூடியில் டயர் வால்வு பொருத்தியிருந்தது. தூக்கியதும் உள்ளே நாலு உருப்படிகள் லொடலொடவென்று உருண்டன.

சந்து முனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. நெட்டை வந்துவிட்டான். டயர் கடை வைத்திருக்கும் அவனுடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். ஆறடி மூன்று அங்குலம். அந்தக் காருக்குள் நுழைய முடியாத ஒரே நண்பன். தோளைத் தொட்டான். பிறகு துண்டையும் குழாயையும் பார்த்தான். முகம் மாறியது.

"இதாடா?"

"லைட் எரிஞ்சிருக்கு. அதான் அவ நிறுத்தியிருக்கா. உன் மெஷினைக் கொண்டு வரச் சொன்னேனே?"

நெட்டை பையிலிருந்து கைக்கடக்கமான கருவியை எடுத்தான். சக்கரத்துக்குள் இருந்து காற்றை அளந்து சொல்லும் சென்சாரைத் தட்டியெழுப்பி, அது என்ன சொல்கிறது என்று படித்துக்காட்டும் கருவி. குழாயருகே வைத்து அமுக்கினான். ஒவ்வொன்றாக எண்கள் வந்தன. இருபத்திமூணு. இருபத்திமூணு. இருபத்திமூணு. இருபத்திமூணு.

"நாலு சக்கரம் நாலு எண்தான் சொல்லும்" என்றான் நெட்டை மெதுவாக. "ஒரே வீட்டுல அடைச்சு வச்சா ஒரே பேச்சு. காத்து இறங்கியிருக்குடா. மூடி ஒட்டின இடத்துல கசிஞ்சிருக்கும். மாசம் ஒரு தடவை பாருன்னு நான் சொல்லல?"

சொன்னான். போன வருஷம். பழைய வண்டி, எந்தச் சக்கரத்தில் குறை என்றுகூடச் சொல்லாது, ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் எரியும். அது எரிந்தால், ஓடத் தகுதியா என்று பார்க்கும் வருஷாந்திரச் சோதனையில் வண்டி தேறாது. சென்சார்களின் வால்வுத் தண்டு அரித்துப்போய் காற்றுக் கசிந்தது. புதுசு தேடினால் அந்த ரகம் வருவதே நின்றுவிட்டது. வேறு ரகம் ஒன்றை மாட்டினால் வண்டி அதை ஆளாகவே மதிக்கவில்லை. ஒயர் பார்த்தான், பியூஸ் பார்த்தான், பேட்டரியைக் கழற்றி மாட்டினான். ஆறு மாதம் மல்லுக்கட்டிய பிறகு நெட்டைதான் இந்த வழியைச் சொன்னான். சக்கரங்களில் சாதா வால்வு. பழைய சென்சார் நாலும் குழாய்க்குள். குழாயில் முழுக் காற்று. வண்டி ஏமாந்தது. விளக்கு அணைந்தது. அன்றைக்கு ரெண்டு பேரும் கைகொட்டிச் சிரித்தார்கள்.

லிப்டின் கதவு ஸ்விட்சில் ஒரு துண்டு ஒயரை மாட்டி ஏமாற்றியதற்காக, அவன் தன்கீழ் வேலை பார்த்த ஒருவனை அதே மாதம் வீட்டுக்கு அனுப்பியிருந்தான்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருந்தது. கல்யாணமான புதிதில் அவளுக்கு இந்தக் காரை ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது சொன்னான்: "இந்த வண்டியில பொய் சொல்லாத ஒரே ஆள் இந்த மஞ்ச லைட்டுதான். எரிஞ்சா ஓட்டாதே. நிறுத்து. நாலையும் பாரு. இந்த ஸ்பீடுல டயர் போச்சுன்னா ஆளே மிஞ்ச மாட்டோம்." குழாயைச் செய்த அன்று, சொன்ன அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவனுக்குத் தோன்றவில்லை.

நெட்டை சுற்றுமுற்றும் பார்த்தான். பையின் ஓரத்தில் கையை விட்டு ஒரு ஸ்க்ரூவை எடுத்தான். கடையில் தினமும் யாராவது ஒருவரின் டயரிலிருந்து பிடுங்குவது. முனை தேய்ந்து பளபளவென்று இருந்தது.

"பின்னாடி டயர்ல இதை ஏத்திடறேன். ஒரு பத்து பவுண்டு இறங்கட்டும். உங்க அக்காவைக் கூப்பிட்டுக் காட்டு. லைட் நிஜம், பஞ்சர் நிஜம், அவ நிறுத்தினதும் நியாயம். உன் பொண்டாட்டிக்கும் கெட்ட பேரு இல்ல, உனக்கும் இல்ல. குழாயை நான் கொண்டுபோயிடறேன்."

ஸ்க்ரூ அவன் உள்ளங்கைக்கு வந்தது. வெயிலில் சூடாக இருந்தது. ஒரே ஒரு தட்டுதான். யாருக்கும் நஷ்டமில்லை. அவளுக்கே நல்லது. அவளுக்காகத்தானே?

"நீ போ, உள்ள போய் அம்மாவைப் பாரு" என்றான்.

நெட்டை தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் நுழைந்தான். அவன் உள்ளே போன வாசலிலேயே மனைவி வெளியே வந்தாள். கணக்கு டீச்சர், எதையும் சரிபார்க்காமல் தாண்ட மாட்டாள். நேற்றுக் கட்டியிருந்த அதே புடவை. அவன் குழாயைத் துண்டுக்குள் தள்ளி டிக்கியைப் பாதி இறக்கினான். ஸ்க்ரூவைக் கைக்குள் மூடிக்கொண்டான்.

"என்னங்க, வேன் கிளம்பிடுச்சாம்."

"ம்."

அவள் பின்சக்கரத்தின்மேல் கிடந்த கேஜைப் பார்த்தாள்.

"முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு, முப்பத்திநாலு, முப்பத்திநாலு" என்றாள். "அதானே?"

அவன் நிமிர்ந்தான்.

"நேத்து நாலையும் பாத்தேன். நாலும் சரியாத்தான் இருந்துச்சு. உள்ள வந்து ஸ்டார்ட் பண்ணா லைட் அப்படியே எரியுது. நான்தான் ஏதோ தப்பாப் பாத்துட்டேன்னு நினைச்சேன். மறுபடி இறங்கி மொதல்லேர்ந்து பாத்தேன்." குரல் தட்டையாக இருந்தது, கரும்பலகையில் எழுதியதைப் படிப்பதுபோல. "அண்ணி கேக்கறது சரிதாங்க. ஒரு தடவையோட விட்டிருந்தா அஞ்சு நிமிஷத்தோட போயிருக்கும்."

"அம்மா ஒண்ணும் சொல்லலையா?"

அவள் சேலை முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"அத்தை கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாத்துட்டிருந்தாங்க. 'போயிடலாமா அத்தை'ன்னு நான்தான் கேட்டேன். 'அவன் சொல்லியிருக்கான்ல, அப்ப பாத்துட்டே வாம்மா. எம்பையன் சும்மா சொல்ல மாட்டான். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல'ன்னாங்க."

சந்தில் யாரோ நாற்காலிகளை இழுத்து ஓரமாகப் போடும் சத்தம் கேட்டது.

"டாக்டர் என்ன சொன்னாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் அவள். "நான் தனியாப் போய்க் கேட்டேன். பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தா பிழைச்சிருப்பாங்களான்னு. 'சொல்ல முடியாதும்மா'ன்னாரு. ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல." அவள் கையை நீட்டினாள். "சாவியைக் குடுங்க. உங்களால இப்ப ஓட்ட முடியாது. நான் எடுக்கறேன்."

சாவியை எடுக்க அவன் கையைத் திறக்க வேண்டியிருந்தது. உள்ளங்கையில் ஸ்க்ரூவின் மரை சிவப்பாகப் பதிந்திருந்தது. அதைக் கீழே போட்டால் யார் டயரிலாவது ஏறும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாவியை எடுத்துக் கொடுத்தான். அவள் எதுவும் கேட்காமல் கதவைத் திறந்து, குனிந்து, உள்ளே உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் இரு" என்றான்.

டிக்கியை முழுதாகத் தூக்கினான். துண்டை விட்டுவிட்டுக் குழாயை மட்டும் எடுத்தான். நாலும் ஒரு பக்கமாக உருண்டன. ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் அவள் கண்கள் தெரிந்தன. அவை குழாயைப் பார்த்தன. வால்வைப் பார்த்தன. அதன் நுனியைக் கொஞ்ச நேரம் பார்த்தன. கணக்குப் போடத் தெரிந்தவள். அவன் டிக்கியை மூடினான். கார் உறுமியது, ஆனால் உடனே நகரவில்லை.

அவன் வீட்டுக்குள் போனான்.

கூடத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள். நெட்டை சுவரோரமாக நின்றிருந்தான். இவன் கையில் குழாயைக் கண்டதும் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அம்மாவின் மூக்குக் கண்ணாடியை யாரோ கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தார்கள். அது இல்லாமல் அவள் முகம் எதையோ மறந்துவிட்டு யோசிப்பதுபோல இருந்தது.

அக்கா நிமிர்ந்தாள். "என்னடா இது, கையில குழாய்? தண்ணி வரலையா?"

அவன் அவள் காலருகே தரையில் உட்கார்ந்தான். குழாயை மடியில் வைத்துக்கொண்டான். உள்ளே இருந்தவை உருண்டு சத்தம் போட்டன. பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

"அக்கா, அந்தப் பதினோரு நிமிஷம் இதுக்குள்ள இருக்கு" என்றான். பிறகு, சோதனையில் தேற வேண்டும் என்று செய்தது, மாசாமாசம் பார்க்காமல் விட்டது, அவளிடம் சொல்லாதது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். அம்மா சொன்னதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

அக்கா குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை கையை ஓங்குவதுபோல எடுத்தாள். அந்தக் கை அவன் மேல் விழவில்லை. அந்தரத்தில் நின்று, இறங்கிப்போனது.

வெளியே கார் நகரும் சத்தம் கேட்டது. சந்தின் கோடிவரை போய் நின்றது. கதவு சாத்திய சத்தம். பிறகு செருப்புச் சத்தம், நெருங்கி நெருங்கி வந்து, வாசலில் நின்றது. மனைவி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, எப்போதும்போல நிலையில் சாய்ந்தாள்.

அக்கா அவளைப் பார்க்கவில்லை. தம்பியையும் பார்க்கவில்லை. எட்டி, அம்மாவின் தலைமாட்டு நாற்காலியிலிருந்த தன் கைப்பையை எடுத்து, மடியில் வைத்துக்கொண்டாள்.