இருபத்து நான்கு பெட்டியும் ஒரு காரும்

மூன்றாவது ஷோரூமிலும் அதே காகிதக் கோப்பை, அதே ஆறிப்போன காப்பி. தராசு இரண்டு மிடறு குடித்துவிட்டு மீதியை நாற்காலிக்கு அடியில் வைத்தார். முந்தைய இரண்டு இடங்களில் கேட்ட அதே கேள்வியை இங்கேயும் விற்பனைக்காரப் பெண் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"ட்ரெய்லர் லோடோட எவ்வளவு வெயிட் இருக்கும் சார்?"

"ஆயிரத்து நூத்தி அறுபத்திரெண்டு கிலோ."

அவள் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டாள். "இது தொள்ளாயிரத்துக்கு மேல இழுக்கக் கூடாது சார். சிவிடி வண்டி. மேல ஏத்தினீங்கன்னா வாரண்டியும் போயிடும், கியர்பாக்ஸும் போயிடும்."

"தெரியும்மா," என்றாள் தராசின் மனைவி. மூன்று வாரத்தில் அவளுக்கு இந்தப் பாடம் மனப்பாடம் ஆகியிருந்தது. இடது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தராசும் எழுந்தார். கோப்பையை நாற்காலிக்கு அடியிலிருந்து எடுத்து, குப்பைத்தொட்டியைத் தேடி, அது எங்கே இருக்கிறது என்று கேட்கக்கூடத் தெம்பில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அவருக்கு அந்தப் பேர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். இவர்கள் இருவரும் பழைய புத்தகம் வாங்கி விற்பவர்கள். வீடு காலி செய்கிறவர்கள், அலமாரியில் இடமில்லாதவர்கள், அப்பா போன பிறகு அவர் புத்தகத்தை என்ன செய்வதென்று தெரியாதவர்கள் கூப்பிடுவார்கள். போய், எடைக்கு எடுத்துக்கொண்டு வந்து, தூசி தட்டி, பழப்பெட்டிகளில் அடுக்கி, ட்ரெய்லரில் ஏற்றி வாரச்சந்தைக்கும் பள்ளிக்கூட வாசலுக்கும் கொண்டுபோவார்கள். ட்ரெய்லரின் பக்கவாட்டுக் கதவைத் தூக்கி முட்டுக்கொடுத்தால் அதுவே கடை.

தொழில் தொடங்கிய காலத்தில் ஒரு வக்கீல் வீட்டில் வாங்கப் போனபோது தராசு எடுத்துப்போக மறந்துவிட்டார்கள். இவர் ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்து, பதினெட்டு கிலோ என்றார். வக்கீல் ஆயிற்றே, சும்மா விடுவாரா? பக்கத்துக் கடையிலிருந்து தராசை வரவழைத்து வைத்துப் பார்த்தார். பதினெட்டுக்கு ஐம்பது கிராம் குறைவு. அன்றிலிருந்து ஊர் முழுக்க இவர் தராசு. பெற்றோர் வைத்த பேர் ரேஷன் கார்டோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு இவர்கள் வீட்டில் தராசு என்ற பொருளே கிடையாது, இவர்தான் இருந்தார்.

மனைவிக்கு இதில் ஒரு விளையாட்டு. அவர் பெட்டியைத் தூக்கும்போதெல்லாம் "எவ்வளவு இருக்கும்?" என்று கேட்பாள். அவர் சொல்வார். அவள் பெட்டி மேல் பென்சிலால் எழுதிக்கொள்வாள். இருபத்தெட்டு வருடமாக நடக்கிறது. சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களில்கூட இந்தக் கேள்வியும் பதிலும் மட்டும் நிற்கவில்லை.

வண்டி ஓட்டுவது அவள்தான். ஸ்டீயரிங்கைப் பிடித்தாலே இவருக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். பழைய வேன் போன மாதம் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. அதற்கு முந்தைய வருடம் அவளுடைய இடது முழங்கால் மூட்டை மாற்றியிருந்தார்கள். கிளட்ச் மிதிக்கிற வேலையே வேண்டாம் என்று டாக்டர் அன்றைக்கே சொன்னார். இருந்தது அந்த வேன் ஒன்றுதானே, அதனால் மிதித்துக்கொண்டுதான் இருந்தாள். இப்போது வேறு வண்டி வாங்கியாக வேண்டும், அது ஆட்டோமேட்டிக்காகத்தான் இருக்க வேண்டும். இவர்கள் கைக்கு எட்டுகிற ஆட்டோமேட்டிக் எல்லாமே சிவிடி. அதில் எதுவும் தராசு சொல்கிற கனத்தை இழுக்காது. மூன்று வாரமாகச் சுற்றிச் சுற்றி இதே முட்டுச்சந்தில் வந்து நிற்கிறார்கள்.

சிவிடி என்றால் என்னவென்று மெக்கானிக் விளக்கியிருந்தார். பழைய வேனைப் பதினைந்து வருடம் உயிரோடு வைத்திருந்த மனுஷன் அவர்.

"உள்ள பல்லுச் சக்கரமே கிடையாதுண்ணே. ரெண்டு கப்பி, நடுவுல ஒரு இரும்பு பெல்ட். கப்பி அகலும், சுருங்கும், அதுக்குத் தகுந்தபடி வேகம் மாறும். வெண்ணெய் மாதிரிப் போகும். ஆனா தாங்குற கனத்துக்கு மேல கொடுத்து மேட்டுல ஏத்தினா பெல்ட் வழுக்கும், சூடேறும். இஞ்சின் கத்தும், வண்டி நகராது. அப்படி நாலு தடவை ஆச்சுன்னா மொத்தப் பெட்டியையும் கழட்டி மாத்தணும்."

"அப்ப நமக்கு ஆகாது," என்றார் தராசு.

"கனம் எவ்வளவுங்கறதைப் பொறுத்துண்ணே."

"அதான் சொன்னேனே. பெட்டி முப்பத்தெட்டு கிலோ. இருபத்து நாலு பெட்டி. ட்ரெய்லர் மட்டும் இருநூத்தி அம்பது."

"எடைமேடையில ஏத்திப் பாத்தீங்களா?"

தராசு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "என்கிட்டயா கேக்குற?"

மெக்கானிக் ஸ்பேனரைத் துடைக்கப் போய்விட்டார்.

அந்த வாரக் கடைசியில்தான் மனைவி அந்தக் காரியத்தைச் செய்தாள். யாரிடமும் சொல்லாமல் ஒரு பழைய கார்ச் சந்தைக்குப் போய், கியர் போடுகிற பெரிய வண்டி ஒன்றைப் பார்த்துப் பேசி வைத்திருந்தாள். ஆயிரத்து ஐந்நூறு கிலோ இழுக்குமாம். "ஓட்டிப் பாக்கலாம், வாங்க," என்று தராசையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினாள். முதல் சிக்னலில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதில் உதட்டைக் கடித்தாள். அந்தப் பெரிய வண்டியின் கிளட்ச் வேனை விடக் கடினம். நான்காவது சிக்னல் தாண்டியதும் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு நெற்றியை ஸ்டீயரிங் மேல் வைத்துக்கொண்டாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"சும்மா சொல்லாத."

"பழகிடும்ங்க. நான் பாத்துக்கறேன்." குரல் உடைந்துவிட்டது. அழுகை இல்லை, அதற்கும் தெம்பு வேண்டுமே. "இதை விட்டா வேற வழி என்ன இருக்கு? ட்ரெய்லரை வித்துட்டு வீட்ல உக்காரணும். உங்களால உக்கார முடியுமா?"

இந்த வண்டியை வாங்கினால் அவள் கால் போகும். வாங்காவிட்டால் தொழில் போகும். அவள் காலை விற்றுத் தான் புத்தகம் சுமப்பதா என்று நினைத்தபோது தன் மேலேயே தராசுக்கு அருவருப்பாக இருந்தது. அதே சமயம் ட்ரெய்லர் இல்லாத ஒரு காலைப்பொழுதை நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, வண்டியை விற்கிறவனையே வரச்சொல்லி ஓட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள்.

மறுநாள் தராசே மெக்கானிக்கிடம் போனார். "உன் பிக்கப்பைக் கொண்டா. ட்ரெய்லரை மேடையில ஏத்திக் காட்டறேன். இந்த சிவிடிப் பேச்சை அதோட எல்லாரும் விட்டுடுங்க."

எடைமேடை பழைய இரும்புக் கிடங்கு ஒன்றின் வாசலில் இருந்தது. மனைவியும் கூட வந்திருந்தாள். முன்னால் மூன்று லாரிகள். வெயில் மண்டையைப் பிளந்தது. இவர்கள் முறை வந்தபோது மெக்கானிக் ட்ரெய்லரை மேடையில் நிறுத்தி, கொக்கியைக் கழற்றி, பிக்கப்பை மட்டும் முன்னால் நகர்த்தினார். இருபத்து நான்கு பெட்டியும் உள்ளே இருந்தன. ஒவ்வொன்றையும் அன்று காலை தராசுதான் தூக்கி வைத்திருந்தார், இடையிடையே உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி.

கண்ணாடிக் கூண்டிலிருந்து எடைக்காரர் சீட்டை நீட்டினார். எண்ணூற்று ஐம்பது.

தராசு சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை. "மேடை சரியில்ல போலிருக்கே," என்றார்.

"போன வாரம்தான் முத்திரை போட்டுட்டுப் போனாங்க."

"மறுபடி போடுங்க."

மறுபடி போட்டார்கள். எண்ணூற்று ஐம்பதேதான். பின்னால் லாரிக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். "பெரியவரே, உங்களுக்காக மேடை பொய் சொல்லாது," என்றார் எடைக்காரர், கொஞ்சம் எரிச்சலாகவே.

ட்ரெய்லரை ஓரமாகத் தள்ளினார்கள். மெக்கானிக், தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று நாசூக்காக நழுவினார். தராசு ட்ரெய்லரின் இழுவைக் கம்பி மேல் உட்கார்ந்தார். கணக்கு எளிது. எண்ணூற்று ஐம்பதில் ட்ரெய்லரைக் கழித்தால் அறுநூறு. இருபத்து நான்கால் வகுத்தால் இருபத்தைந்து. தொழில் தொடங்கிய நாளிலிருந்து அவர் ஒரு பெட்டிக்கு அடுக்கிவந்த அதே இருபத்தைந்து.

"காகிதம் கனமாயிடுச்சுன்னு நினைச்சேன்," என்றார். "இப்பல்லாம் வழவழன்னு அச்சடிக்கறாங்களே, அதனாலன்னு."

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"பெட்டி கனக்கல. எனக்குத்தான் கை விட்டுப்போச்சு."

அவள் ஆச்சரியப்படவில்லை, மெல்லத் தலையை மட்டும் ஆட்டினாள். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. "உனக்குத் தெரியுமா?"

"ம்."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷம் இருக்கும். அதே பெட்டிக்கு முப்பதுன்னு சொல்ல ஆரம்பிச்சீங்க. அப்புறம் முப்பத்தி மூணு. நீங்க சொல்றதைத்தான் எழுதிக்கிட்டு வந்தேன்."

வேறொன்றும் அப்போது அவருக்கு உறைத்தது. "ஐயோ, அப்ப வாங்கப் போன வீட்டுலயெல்லாம்?"

"கூடத்தான் கொடுத்தோம்," என்றாள். இப்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதான் ஊர்ல எல்லாரும் நம்மையே கூப்பிடறாங்க. தங்கமான மனுஷங்கன்னு பேரு வேற."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "அங்கதான் சொல்லல, விடு. கிளட்ச்சை மிதிச்சு உயிர் போச்சே நேத்து, அப்பவாவது சொல்லியிருக்கலாமே? பெட்டி இருபத்தஞ்சுதான், சின்ன வண்டியே போதும்னு?"

அவள் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். "உங்க பேரே அதுதானே. அதை என் வாயால எப்படிப் பிடுங்கறது?"

தராசு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேடையில் ஏறிக்கொண்டிருந்த லாரி கண்ணில் கலங்கித் தெரிந்தது. தண்ணீர் பாட்டிலோடு வந்த மெக்கானிக்கிடம் சீட்டை நீட்டி, "உன் சிவிடி தாங்குமா, பாரு," என்றார்.

மெக்கானிக் பார்த்தார். "தாங்கும். ஆனா இதுக்கு மேல ஒரு பெட்டிகூட ஏத்தாதீங்கண்ணே. மேட்டுல விரட்டாதீங்க. ஆயிலை வண்டிப் புத்தகத்துல போட்டிருக்கிறதுக்குப் பாதித் தூரத்துலயே மாத்திடணும். நீங்க ரெண்டு பேரும் ஒல்லியா இருக்கறது எவ்வளவு நல்லதாப் போச்சு!"

மறுபடி அந்த மூன்றாவது ஷோரூமுக்கே போனார்கள். விற்பனைக்காரப் பெண் அதே கேள்வியைக் கேட்டபோது தராசு வாயைத் திறக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து மேசை மேல் வைத்தார்.

இரண்டு வாரம் கழித்து முதல் சந்தை. ஊருக்கு வெளியே இருக்கிற நீண்ட மேட்டில் இஞ்சின் ஒரே சுருதியில் முனகிக்கொண்டே ஏறியது. மனைவி அவசரப்படவில்லை. பின்னால் வந்த வண்டிகளுக்கெல்லாம் ஒதுங்கி வழிவிட்டாள். அவளுடைய இடது கால் வேலையில்லாமல் ஓரமாகச் சாய்ந்து கிடந்தது. தராசு வழி நெடுக அந்தக் காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சந்தையில் ட்ரெய்லரின் கதவைத் தூக்கி முட்டுக்கொடுத்தார். முதல் பெட்டியின் இரண்டு பக்கமும் கையைக் கொடுத்தார். அவள் பென்சிலை வெளியே எடுக்கவில்லை. எடைமேடைக்குப் போய் வந்த நாளிலிருந்து அவள் கேட்பதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சும்மா நின்றுகொண்டு, மேசைத் துணியில் இல்லாத சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"கேளேன்," என்றார்.

"என்ன கேக்கணும்?"

"எப்பவும் கேக்கறதைத்தான்."

அவள் தயங்கினாள். பிறகு மெல்லக் கேட்டாள். "எவ்வளவு இருக்கும்?"

அவர் பெட்டியை ஓர் அங்குலம் தூக்கினார். முப்பத்தெட்டு என்றது கை, சத்தியம் செய்யாத குறையாக. பெட்டியை அப்படியே கீழே வைத்தார்.

"தெரியல," என்றார். "நீ அந்தப் பக்கம் பிடி."