பாய்லர் என்ன சத்தம் போட்டது?

1

பாய்லர் பற்றிக்கொள்கிறது. கொஞ்ச நேரம் ஓடுகிறது. அணைந்துவிடுகிறது. ரீசெட் பொத்தானை அழுத்தினால் மறுபடி பற்றுகிறது, மறுபடி அணைகிறது. ஏன்?

நியூசிலாந்தில், ஆக்லாந்துத் தமிழர்களின் வாட்ஸாப் குழு ஒன்றில் இந்தக் கேள்வி வந்தது. கேட்டவர் ஒரு பெண். பதில்கள் மளமளவென்று விழுந்தன. "வீட்ல ஜென்ட்ஸ் யாரும் இல்லையாங்க?" "ஓம் தங்கச்சி, ஒரு பிளம்பரைக் கூப்பிடுங்கோ." "எங்க வீட்டுக்கு வந்து குளிச்சுக்கோங்க சிஸ்டர்." என்ன சத்தம் வருகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் கேட்பதற்குள் பேச்சு கோயில் ஆடித் திருவிழாவின் அன்னதானத்துக்குத் தாவிவிட்டது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். கேட்டவரை எனக்குத் தெரியாது. கண்மணி என்று பெயர் வைத்துக்கொள்கிறேன்.

2

முதல் தொடக்கம்: ஆக்லாந்தின் ஹில்ஸ்பரோவில் மழை பெய்துகொண்டிருந்தது. கண்மணி ஜன்னலோரம் நின்று, கடந்துபோன தன் வாழ்க்கையை—

[வேண்டாம். பாய்லர் நின்ற வீட்டில் யாரும் ஜன்னலோரம் நிற்பதில்லை. குளிரும்.]

இரண்டாம் தொடக்கம்: கண்மணி இரண்டு ஸ்வெட்டரை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, துணி துவைக்கும் அறைச் சுவரில் தொங்கும் வெள்ளைப் பாய்லர் பெட்டியைப் பார்த்து, "உனக்கு என்னதான்டா பிரச்சனை?" என்றாள்.

இது இருக்கட்டும்.

விவாகரத்துக்குப் பிறகு அவள் தனியாக வாடகைக்கு எடுத்த வீடு இது. வேலை ஈஸ்ட் டாமாக்கியில், மசாலா பாக்கெட் போடும் ஆலையில். அண்ணன் தண்டபாணி ஒடாஹுஹுவில் இருக்கிறான். தங்கை தனியாக இருப்பது முதல் நாளிலிருந்தே அவனுக்குப் பிடிக்கவில்லை. காலையில் போனில் அவள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

"கேஸ் ஆள் அடுத்த வாரம்தான் வருவானாம்ணா."

"நான் அப்பவே சொன்னேன். ஒத்தையா ஒரு வீட்டை வச்சுக் கட்டி மேய்க்க முடியாதுன்னு. மத்தியானம் கார் எடுத்துட்டு வரேன், பெட்டியைக் கட்டி வை."

"ஒரு வாரத்துக்கு எதுக்குண்ணா பெட்டி?"

"ஒரு வாரம்னு யார் சொன்னா? ஏஜென்ட்கிட்ட நோட்டீஸ் குடுத்துடு. மாடி ரூம் உனக்குத்தான். உங்க அண்ணி பெயின்ட்கூட அடிச்சுட்டா."

ஆக, அண்ணன் வருவதற்குள் பாய்லர் ஓட வேண்டும். ஓடாவிட்டால் வீடு போய்விடும்.

3

(இனி கொஞ்சம் பாடம். எனக்கு இதுதான் கதையிலேயே பிடித்த இடம். அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்.)

காம்பி பாய்லர் ஒரே பெட்டியில் இரண்டு வேலை செய்யும். குழாய்க்கு வெந்நீர் தரும், அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கும் வெந்நீர் அனுப்பும். கண்மணி ஒவ்வொன்றாகக் கழித்தாள். கேஸ் வருகிறதா? அடுப்பு எரிகிறது. கரண்ட்? பெட்டியில் விளக்கு எரிகிறது. தண்ணீர் அழுத்தம்? முள் பச்சைக் கோட்டுக்குள்தான் நிற்கிறது. பெட்டியின் மூடியை மட்டும் அவள் தொடவில்லை. உள்ளே கை வைக்க உரிமம் வாங்கிய கேஸ் ஆளால்தான் முடியும். துணிச்சல் வேறு, மடத்தனம் வேறு.

பிறகு ரீசெட்டை அழுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள்.

[இங்கே எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. இவளுக்கு இது தோன்றுமா? தோன்றும். ஆலையில் பாக்கெட் மெஷின் நின்றால் முதலில் அதன் சத்தத்தைத்தான் கேட்பார்கள்.]

களக், களக், களக். அப்புறம் அமைதி.

நெருப்பு களக்கென்று சொல்லாது. தண்ணீர்தான் சொல்லும், அதுவும் இருக்கக்கூடாத இடத்தில் இருந்தால். கேஸ் எரியும் புகையில் நீராவி உண்டு. இந்த மாதிரி பாய்லர் அந்த ஆவியையும் குளிரவைத்து, அதிலிருக்கும் சூட்டைக்கூட விடாமல் பிடுங்கிக்கொள்ளும். ஆவி தண்ணீராகிச் சொட்டுச் சொட்டாக ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியே வெளியே போகும். போக வழியில்லையென்றால் பெட்டிக்குள்ளேயே ஏறும். ஏறினால் பாய்லர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அது பழுதல்ல, புத்திசாலித்தனம்.

4

கண்மணி குழாயின் பின்னாலேயே போனாள். சுவரைத் துளைத்துக் கொல்லைப்புறம் வந்த குழாய், சாக்கடை வாய்க்குப் போகவில்லை. அதன் முனையில் ஒரு துண்டு தோட்ட ஹோஸ் மாட்டியிருந்தது. ஹோஸின் மறுமுனை கறிவேப்பிலைத் தொட்டியின் மண்ணுக்குள் புதைந்திருந்தது.*

செருகியது தண்டபாணி. குளிர் தொடங்கும்போது செடியைக் கொண்டுவந்து, தானே மாட்டிவிட்டுப் போனான். "சூட்டுத் தண்ணி வீணாப் போகுது பாரு. வேருக்கு விட்டா செடி தாங்கும்." யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். கறிவேப்பிலையைக் குளிர்காலம் தாண்டவைத்தவருக்கு இந்த ஊரில் ரெசிடென்சி விசா வாங்கியவரைவிட மரியாதை அதிகம்.

இந்தக் கதையின் முதல் வரைவில் ஹோஸைக் கண்மணியே செருகினாள் என்று எழுதியிருந்தேன். கடைசியில் அவள் தன் தவறை உணர்ந்து— அடித்துவிட்டேன். ஏன் உணர வேண்டும்?

ஹோஸை இழுத்தாள். மண் கட்டியாக விழுந்தது. பின்னாலேயே தேங்கிய தண்ணீர் கொடகொடவென்று கொட்டியது. குழாயின் வாயைத் துடைத்துச் சாக்கடைப் பக்கம் விட்டுவிட்டு, உள்ளே போய் ரீசெட்டை அழுத்தினாள்.

* கதை எழுதத் தெரிந்தவர்கள் இந்தத் தொட்டியை முதல் பக்கத்திலேயே காட்டியிருக்க வேண்டும் என்பார்கள். காட்டவில்லை. தினமும் இலை பறித்தவளுக்கே அது பாய்லரின் பகுதியாகத் தெரியவில்லை. உங்களுக்கு மட்டும் ஏன் சலுகை?

5

கார் வந்தது.

"பெட்டி எங்கடி?"

"உள்ள வாண்ணா. ஸ்வெட்டரைக் கழட்டிட்டு வா, புழுங்கும்."

தண்டபாணி ரேடியேட்டர்மேல் கையை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தான். "யாரு வந்து சரி பண்ணா?"

"நான்தான்."

இதற்குமேல் மூன்று முடிவுகள் கைவசம் இருக்கின்றன. ஒன்று: அவள் ஹோஸைக் காட்டுகிறாள், அவன் அசடு வழிகிறான். இரண்டு: காட்டுகிறாள், அவன், "இதுக்குத்தான் சொல்றேன், பக்கத்துல ஒரு ஆள் வேணும்னு" என்கிறான். மூன்று: அவள் சொல்லவில்லை, அவன் டீ குடித்துக்கொண்டே கொல்லைக்குப் போய், "அடடே, ஹோஸ் கழண்டு கிடக்கே" என்று குனிகிறான்.

நான் எதையும் எழுதப்போவதில்லை. அண்ணன்களை உங்களுக்கு நன்றாகவே தெரியும், நீங்களே எழுதுங்கள். எதை எழுதினாலும் சரி, கண்மணியைக் காரில் ஏற்ற மட்டும் உங்களால் முடியாது. குளிரைக் காரணம் காட்டவும் முடியாது. ஏனென்றால் விஷயம் இவ்வளவுதான்: பாய்லரின் தண்ணீர் வெளியேறும் குழாய் மண்ணால் அடைபட்டிருந்தது. அவள் ஹோஸைக் கழற்றினாள், குழாயைச் சுத்தம் செய்தாள், முனையைச் சாக்கடை வாய்க்கு மேலே திறந்தபடி விட்டாள், ரீசெட்டை அழுத்தினாள். பாய்லர் ஓடுகிறது.