இரண்டு பொத்தான்கள்

அண்ணியும் நாத்தனாரும் வேலை பார்க்கும் ஆலையில், தகர மூடி அடிக்கும் இயந்திரத்துக்கு இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு கீழே இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. இடப்பக்கப் பொத்தானை யாரோ டேப் ஒட்டி அமுக்கி வைத்திருந்தார்கள். அது தெரியாமல் வேலைக்கு உட்கார்ந்த நாத்தனார், கோணலாகச் சிக்கிய தகரத்தை ஒரு கையால் எடுக்கப் போனாள். மறு கை அடுத்த பொத்தானில் பட்டது. இரண்டு விரல் போயிற்று.

அன்றிலிருந்து அந்த அச்சுச் சத்தம் கேட்டாலே அண்ணி பயந்து காதைப் பொத்திக்கொண்டாள். மனநல ஆலோசகர் ஒரு வழி சொன்னார். கைகளை மார்பின் குறுக்கே வைத்து, இடது, வலது என்று தோள்களை மாறி மாறி மெல்லத் தட்ட வேண்டும்.

"சின்ன பயத்துல ஆரம்பிங்க. பெருசா ஏதாவது வந்தா நிறுத்திட்டு எங்கிட்ட வாங்க."

கட்டுப் போட்ட கையோடு நாத்தனார் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன அண்ணி, உங்களை நீங்களே தட்டிக் குடுத்துக்கிறீங்க? எங்கண்ணன் அவ்வளவு மோசமா?"

"உங்கண்ணனுக்குக் கொசுவைத்தான் தட்டத் தெரியும்."

மூன்று வாரத்தில் சத்தம் வெறும் சத்தமாயிற்று. ஆனால் பெரிதாக ஒன்று வந்தபோது அவள் நிறுத்தவில்லை, ஆலோசகரிடமும் போகவில்லை. டேப் ஒட்டியது அண்ணிதான். முந்தின ஷிஃப்டில், அன்றைய மூடிக் கணக்கை முடிக்கும் அவசரத்தில் ஒட்டியவள் பிரிக்க மறந்துவிட்டாள். அது நெஞ்சைக் குடையும்போதெல்லாம் தட்டினாள். அதுவும் அடங்கிக் கொண்டே வந்தது.

விசாரணையன்று மேனேஜர் ஒரு தாளை நகர்த்தினார். "டேப் ஒட்டினது உங்க நாத்தனாரேதான்னு எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. நீங்க மட்டும்தான் பாக்கி."

மேஜைக்கு அடியில் அவள் விரல்கள் முழங்கால்களை மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தன. மனம் குளம் போல் தெளிந்தது. பேனாவை எடுப்பது அவ்வளவு சுலபமாக இருந்தது. அந்தச் சுலபம்தான் அவளைத் திடுக்கிட வைத்தது. கைகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அந்தக் குடைச்சல் திரும்பி வந்தது. வரட்டும் என்று விட்டாள்.

"ஒட்டினது நான் சார்."

மேனேஜர் கதவைப் பார்த்தார். "வேலை போயிடும்மா. அதை விடுங்க, அவ இனிமே உங்க மூஞ்சில முழிப்பாளா?"

"தெரியல சார்," என்றாள். "ஒரு மணி நேரம் பர்மிஷன் குடுங்க. வேற யார் வாயாலயும் அவ இதைக் கேக்கக் கூடாது."