மஞ்சள் பூ முகம்

தொற்றுக் காலத்தில் ஊரே முகக்கவசம் தேடி அலைந்தபோது, தையல்காரி மட்டும் அலையவில்லை. நிறைமாத வயிற்றோடு மெஷினில் உட்கார்ந்து, மீந்துபோன மஞ்சள் பூத் துணியில் வீட்டிலிருந்த அத்தனை பேருக்கும் தைத்துத் தள்ளினாள். அந்தச் சிக்கனம்தான் பிறகு வினையாக வந்தது.

பிள்ளை பிறந்த மறுநாளே அவளுக்குத் தொற்று என்றார்கள். டாக்டரம்மா பதறவில்லை. "கையை சோப்பு போட்டுக் கழுவு, மாஸ்க்கைப் போட்டுக்கோ, தாராளமா பால் குடு" என்றார். நாத்தனாருக்குத்தான் ஈரக்குலை நடுங்கியது. வீட்டுக்கு வந்ததும், மூடிய அறைக்கதவுக்கு வெளியே பால்பவுடர் டின்னோடு வந்து நின்றாள்.

"நீ தேறுற வரைக்கும் இதைக் குடு. எதுக்கு வீண் வம்பு?"

"அண்ணி, டின்னு எங்கயும் ஓடிடாது. பால் வத்திட்டா நான் எங்க போவேன்?"

பயம் அவளுக்கும் இருந்தது. ஆனால் பிள்ளை சப்புக்கொட்டிக் குடிக்கும்போது பயம் போன இடம் தெரியாது. பெற்ற பிள்ளைக்குத் தன் முகத்தைக் காட்ட முடியவில்லையே என்ற ஒரே குறைதான்.

பாழாய்ப்போன இருமல் லேசில் விடவில்லை. பிள்ளைக்கு ஒரு மாதம் ஆன பிறகுதான், கவசத்தைக் கழற்றலாம் என்றார் டாக்டரம்மா. அன்று அவள் முகம் கழுவி, தலை வாரி, கல்யாணப் பெண் போல உட்கார்ந்து மகனை மடியில் போட்டாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். யாரடா இவள்? வீலென்று ஒரு கத்தல். மார்பில் வாய் வைக்கவே மாட்டேன் என்று அழிச்சாட்டியம். மதியம் வரை அதே கதை. பால் கட்டி நெஞ்சு வலித்தது. அதைவிட மனசு வலித்தது.

நாத்தனார் உள்ளே வந்தாள். கையில் டின், முகத்தில் மஞ்சள் பூ.

"இங்க குடு அவனை."

வாங்கியதுதான் தாமதம், அழுகை நின்றது. மஞ்சள் பூவை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் நாத்தனாரின் நெஞ்சை முட்டி முட்டி வாயைத் திறந்தான்.

"அடப்பாவி! நான் கடையை மூடி வருஷக்கணக்காச்சுடா!"

தையல்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே விஷயமும் புரிந்தது. "அண்ணி, என் மாஸ்க்கை எடுங்க, சீக்கிரம்!"

கவசம் ஏறியதும் பிள்ளை கவ்விக்கொண்டான். பாதிப் பசி ஆறியதும் அவள் அதை மெல்ல இறக்கினாள். மூக்கு, உதடு, மோவாய். உறிஞ்சுவது நின்றது. கண்கொட்டாமல் பார்த்தான்.

பிறகு மடக்கென்று ஒரு வாய் விழுங்கினான். அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே மறுபடி குடிக்க ஆரம்பித்தான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

திறக்காத டின்னை இடுக்கிக்கொண்டு நாத்தனார் குனிந்து பார்த்தாள். "சரி, மூஞ்சி பரவாயில்லைன்னு ஐயா முடிவு பண்ணிட்டார்."